ஒன்பதாம் மாதத்து ஊசி

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் ஊசியே வேண்டாம் என்றனர். "பிள்ளை கொஞ்சம் வளரட்டுமே" என்று என் மாமியார் சொன்னதும் பாசத்தால்தான். ஆனால் தாயிடமிருந்து வந்த, நோயோடு போராடும் எதிர்ப்பொருள்கள் முதல் மாதங்களில் தட்டம்மைத் தடுப்பூசியின் வேலையைக் கெடுக்கும், அவை குறைந்தபின் குழந்தைக்கு வேறு காப்பும் இல்லை என்பதால்தான், முதல் தவணையை 9 மாதம் நிறைந்ததும் போடுகிறார்கள். கக்குவான் இருமலோ பச்சிளங்குழந்தைகளுக்கே பேராபத்து என்பதால், அதையும் சேர்த்து ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களிலேயே தொடங்கி முடிகிறது. அந்த ஊசிக்குப்பின் என் மகளின் தொடை சிவந்து வீங்கி, இரவில் காய்ச்சலும் வந்தது; செவிலியர் எடைக்கேற்பச் சொல்லியனுப்பிய பாராசிட்டமால் சொட்டு மருந்தில் மறுநாளே தணிந்தது. மிக அரிதான கடும் ஒவ்வாமையைக் கவனிக்கவே ஊசி போட்ட இடத்திலேயே அரை மணி நேரம் இருக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.