அப்பத்தாவும் கண்மையும்

காரைக்குடி வீட்டு வளவில் உட்கார்ந்து கண்மை டப்பாவைப் படித்துக்கொண்டிருந்தேன். 'விலங்குகளில் சோதிக்கப்படவில்லை' என்றிருந்தது.

"மாட்டுக்கு எதுக்குத்தா மை?" என்றார் அப்பத்தா.

மாடில்லை, முயல். 1944-இல் வந்த டிரெய்ஸ் சோதனை. முயலின் ஒரு கண்ணில் பொருளை விட்டு, சிவக்கிறதா, புண்ணாகிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். மற்றக் கண் ஒப்பிட்டுப் பார்க்க. அழகுசாதனங்களுக்கு விலங்குச் சோதனையை இந்தியா 2014-இல் தடை செய்தது. இப்போது மனிதச் செல்களை ஆய்வகத்தில் கருவிழித் திசு போல வளர்த்து, அதன்மேல் பொருளை விட்டு, எவ்வளவு செல் பிழைக்கிறது என்று அளக்கிறார்கள். (அப்பத்தா சொன்ன மாடும் உண்டு: இறைச்சிக்கூடத்தில் மிஞ்சும் மாட்டுக் கருவிழியிலும் சோதிப்பார்கள்!) 2023 விதித் திருத்தத்துக்குப் பின் மருந்துகளுக்கும் இப்படிப்பட்ட வழிகளுக்கு இங்கே இடமுண்டு.

எல்லாம் சொன்னேன். அப்பத்தா முயலிலேயே நின்றுவிட்டார்.

"மத்தக் கண்ணு தெரியுமில்ல அதுக்கு?"