44 மில்லிமீட்டர்

"இன்னா தம்பி, பெரிய டாக்டரைப் பாக்கணுமா?"

ஜெல்லைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார். "ரிப்போர்ட்டை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே, அவர் சொல்வார்" என்றேன். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் சொல்ல வேண்டிய பதில் அதுதான். பதினோரு வருஷமாக எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறேன்.

இதயத்திலிருந்து மேலே ஏறும் பெருந்தமனியின் அகலம் 44 மில்லிமீட்டர். நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. மூன்று தடவை அளந்தேன்: 43, 44, 44. நெஞ்சில் வைக்கும் ஸ்கேன் கருவி, புரோப், கொஞ்சம் சாய்ந்தாலே இரண்டு மில்லி கூடும், குறையும். ஆபரேஷன் பேச்சு பொதுவாக 55-இல்தான் வரும். 44-க்கே ஒருவரைப் பயமுறுத்தினால் பி.பி. ஏறுவதுதான் மிச்சம். இதெல்லாம் தப்பான கணக்கு இல்லை.

ஆனால் படுத்திருந்தபோது இன்னொன்றும் சொன்னார். "எங்க அண்ணன் வலை இழுக்க சொல்லோ நெஞ்சைப் புடிச்சினு உக்காந்தவருதான். நாப்பது வயசு. அட்டாக்குன்னாங்க." நான் அவரை இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, விலா இடுக்கில் புரோப்பை அழுத்தி, வால்வுக்கு இதழ் வழக்கம்போல் மூன்றா, இல்லை பிறவியிலேயே இரண்டா என்று தேடிக்கொண்டிருந்தேன். பீடி இழுத்த நெஞ்சு. படம் மங்கலாகவே இருந்தது. "அப்படியாண்ணே" என்றேன். அவ்வளவுதான். அட்டாக் என்று சொல்லிப் புதைத்துவிடும் சாவுகளில் சில, இந்தத் தமனியின் உள்சுவர் கிழிந்து வந்தவை. அண்ணன் சாவை எழுத ரிப்போர்ட்டில் கட்டம் இல்லை. நானும் எழுதவில்லை. சாயங்காலம் கையெழுத்துப் போட வந்த டாக்டரிடமாவது வாயால் சொல்லியிருக்கலாம். அவர் முன்னால் முப்பது ரிப்போர்ட் அடுக்கியிருந்தது.

55 என்பது கத்தி வைப்பதற்கான கணக்கு. ஒரு இதய டாக்டரிடம் போய்க் கேட்பதற்கு அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? குடும்பத்தில் இள வயதுத் திடீர்ச் சாவு, இரண்டு இதழ் வால்வு, அடங்காத பி.பி., ஒரே வருஷத்தில் 5 மில்லி வளர்ச்சி என்று ஏதாவது இருந்தால் அளவு சின்னதானாலும் பார்த்துவிட வேண்டும். ஆளும் குள்ளம், ஐந்தடிதான். அந்த உடம்புக்கு 44 கூடுதலாகவே கணக்காகும். அதைச் சொல்வது என் வேலையா என்றால், இல்லை. காதில் விழுந்தது எனக்கு மட்டும்தானே என்றால், ஆமாம்.

அது ஜூன் முதல் வாரம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஜூன் 14-ஓடு முடியும். காசிமேட்டுக்காரர்கள் உடம்பைப் பார்க்க வருவதே அந்த நாட்களில்தான். அப்புறம் வலை, ஐஸ் பெட்டி, மூச்சைப் பிடித்து இழுக்கும் வேலை. அந்தத் தமனிக்கு ஆகவே ஆகாத வேலை.

16-ஆம் தேதி மனசு கேட்காமல் பதிவேட்டிலிருந்த நம்பருக்குப் போட்டேன். மகள் எடுத்தாள். அப்பா போன படகு நேற்றே கிளம்பிவிட்டதாம், வர பத்து நாள் ஆகுமாம். "வந்ததும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. ஹார்ட் டாக்டர்கிட்ட உங்க பெரியப்பா விஷயத்தையும் சொல்லு. பி.பி. மாத்திரையை நிறுத்த வேண்டாம்."

"ஏண்ணா, எதுனா ஆபத்தா?"

அண்ணன் தம்பி இரண்டு பேருக்குமே இது இருந்திருந்தால், பிள்ளைகளுக்கும் எக்கோ எடுக்க வேண்டும். அதாவது அவளுக்கும். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா, சும்மா ஒரு தடவை பாத்துடட்டும்னுதான்" என்றேன்.

சும்மா என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்?