ஒரு வாட் ஆம்ப்ளிஃபையர்: அனலாக் புராஜெக்டில் எதற்கு மார்க் போட வேண்டும்?

அனலாக் சர்க்யூட் டிசைன் பாடத்துக்குப் புராஜெக்ட் கொடுக்கப் பெரிய தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. 8 ஓம் ஸ்பீக்கரில் 1 வாட் தரும் ஆடியோ ஆம்ப்ளிஃபையர் போதும். பாகங்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவைதான். பயாஸ், ஃபீட்பேக், கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன், சூடு, கிரவுண்ட் என்று செமஸ்டர் முழுக்க நடத்தியதில் முக்கால்வாசி அதற்குள் வந்துவிடும்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்க வேண்டும். 8 ஓமில் 1 வாட் என்றால் ஆர்எம்எஸ் 2.83 வோல்ட், பீக் 4 வோல்ட், பீக் கரண்ட் 0.5 ஆம்பியர். பின்னால் வரும் தகராறுகள் பெரும்பாலும் அந்த 0.5 ஆம்பியரை மறந்ததால் வருபவை.

வழக்கமாக எல்லோரும் போடும் சர்க்யூட் இது: பிளஸ் மைனஸ் 9 வோல்ட் சப்ளை, ஒரு டிஎல்072 ஆப்-ஆம்ப் ஐசி, அதன் அவுட்புட்டில் இரண்டு 1என்4148 டையோடு, டையோடுகளின் இரு முனையிலிருந்தும் சப்ளைக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிறகு பவர் டிரான்சிஸ்டர் ஜோடி: பிடி139 (என்பிஎன்), பிடி140 (பிஎன்பி). எமிட்டரில் ஆளுக்கு 0.47 ஓம். ஸ்பீக்கர் முனையிலிருந்து ஃபீட்பேக், கெயின் 11. லோடு இல்லாமல் பார்த்தால் அழகான சைன் அலை வரும். லோடு போட்டதும் 2.3 வோல்ட் பக்கத்தில் தலை வெட்டுப்படும். உடனே ஆப்-ஆம்ப் போய்விட்டது என்று ஐசியை மாற்றுவார்கள். மாற்றினாலும் அதே 2.3தான்.

காரணம் அந்த 1 கிலோ ஓம். என்பிஎன் டிரான்சிஸ்டரின் பேஸ் கரண்டை ஆப்-ஆம்ப் கொடுக்க முடியாது. நடுவில் இருக்கும் டையோடு எதிர்த்திசையில் நிற்கிறது. மேலே உள்ள ரெசிஸ்டர்தான் கொடுக்க வேண்டும். அவுட்புட் ஏற ஏற அந்த ரெசிஸ்டரின் மேல் மிஞ்சும் வோல்டேஜ் குறைகிறது, தேவைப்படும் பேஸ் கரண்டோ கூடுகிறது. பீட்டா, அதாவது பேஸ் கரண்டை டிரான்சிஸ்டர் பெருக்கும் மடங்கு, 50 என்று வைத்தால் இரண்டும் சந்திக்கும் இடம் 2.3 வோல்ட். அதாவது 1 வாட்டுக்குப் பதில் 0.33 வாட். சிமுலேஷனில் எடுத்த மாடலின் பீட்டா 150 ஆக இருந்தால் அங்கே 4 வோல்ட் தாராளமாக வரும். பிடி139 டேட்டாஷீட்டோ அரை ஆம்பியரில் குறைந்தபட்சம் 25 என்றுதான் உறுதி தருகிறது.

அடுத்து ரெசிஸ்டரை 220 ஓமாகக் குறைப்பார்கள். கால் வாட் ரெசிஸ்டரில் 0.31 வாட் ஓடும், தொட்டால் கை சுடும். அது போக, அவுட்புட் பிளஸ் 4 வோல்ட்டில் இருக்கும்போது கீழே உள்ள 220 ஓம் 57 மில்லி ஆம்பியர் கேட்கும். அதில் பெரும்பங்கை ஆப்-ஆம்ப் தர வேண்டும், டிஎல்072-ஆல் அது ஆகாது. சரியான வழி, முன்னால் பிசி547, பிசி557 என்ற சிறிய டிரான்சிஸ்டர் ஜோடியைச் சேர்த்து, இரண்டின் பீட்டாவும் பெருகும் டார்லிங்டன் ஆக்கி, டையோடுகளை நாலாக்கி, ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓமுக்கு உயர்த்துவது. இந்த மூன்று கட்டத்தையும் கணக்கோடு எழுதிய குழுவுக்கு, முதல் நாளே யாரிடமோ வாங்கிய சர்க்யூட்டை ஓடவைத்த குழுவைவிட அதிக மார்க் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிசி முதலில், சிக்னல் பிறகு. இன்புட்டைக் கிரவுண்ட் செய்து, சப்ளையின் கரண்ட் லிமிட்டை 100 மில்லி ஆம்பியரில் வைத்து, ஒவ்வொரு முனையின் வோல்டேஜையும் எழுத வேண்டும். அவுட்புட்டில் 30 மில்லி வோல்ட் இருந்தால் கவலை இல்லை. ஆப்-ஆம்பின் ஆஃப்செட் 11 மடங்காகி நிற்கிறது. 2 வோல்ட் நின்றால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் 8 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டரில்தான் சோதனை. லிமிட்டை ஏற்றுவதும் அப்போதுதான். 9 வோல்ட் சதுர பேட்டரி இந்தக் கரண்டுக்குத் தாங்காது.

சூடு விஷயத்தில் சிமுலேஷனை நம்பவே முடியாது. ஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள், நாம் மாற்றாவிட்டால், எல்லாப் பாகத்தையும் 27 டிகிரியிலேயே வைத்திருக்கும். நிஜத்தில் 1 வாட் வெளியே போகும்போது ஒவ்வொரு பவர் டிரான்சிஸ்டரிலும் சுமார் 0.9 வாட் சூடாகிறது. ஹீட் சிங்க் இல்லாத பிடி139 25 டிகிரியில் தாங்குவதே 1.25 வாட்தான். மே மாத லேபில் அதுவும் குறையும். இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் திருகினால் மின்சாரத்தைக் கடத்தாத மைக்கா ஷீட் கட்டாயம். முதுகில் உள்ள உலோகம் கலெக்டரோடு சேர்ந்தது. மைக்கா இல்லையென்றால் பிளஸ் 9-உம் மைனஸ் 9-உம் நேராக ஷார்ட். நாலில் இரண்டு டையோடையாவது ஹீட் சிங்கை ஒட்டி வைக்க வேண்டும். எமிட்டர் ரெசிஸ்டரில் 4.7 மில்லி வோல்ட் என்றால் ஓய்வு கரண்ட் (சிக்னல் இல்லாதபோது ஓடுவது) 10 மில்லி ஆம்பியர். பத்து நிமிடம் பாட்டு ஓடவிட்டு, நிறுத்தியதும் திரும்ப அளந்து, அது 15 ஆகி இன்னும் ஏறுகிறதென்றால் டையோடுக்குச் சூடு போய்ச் சேரவில்லை.

கிரவுண்டுக்கு ஒரே கணக்கு போதும். பிரெட்போர்டு கிளிப்பும் ஒயரும் சேர்ந்து 0.05 ஓம் என்றால், ஸ்பீக்கரிலிருந்து திரும்பும் அரை ஆம்பியர் அதில் 25 மில்லி வோல்ட் உண்டாக்கும். இன்புட்டில் மைக் இருந்தால் அது தருவதே சில மில்லி வோல்ட். ஸ்பீக்கரின் ரிட்டர்ன் ஒயர் நேரே சப்ளை முனைக்குப் போக வேண்டும். ஐசியின் சப்ளை கால்களை ஒட்டி 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக்கும் வேண்டும். ஆஸிலோஸ்கோப்பில் கோடு தடித்துத் தெரிந்தால் ஃபோகஸைத் திருகாமல், ப்ரோபை 10 எக்ஸில் வைத்து டைம்பேஸைக் குறைத்துப் பாருங்கள். பல நேரம் மெகாஹெர்ட்ஸில் ஆஸிலேஷன் ஓடிக்கொண்டிருக்கும்.

வைவாவில் கேட்க ஒரு கேள்வி: முதலில் போட்ட 1 கிலோ ஓம் சர்க்யூட்டில் பீட்டா 50 அல்ல, 100 என்றால் எத்தனை வோல்ட்டில் வெட்டும்? விடை 3.6. தானே கணக்குப் போட்டவருக்கு இரண்டு வரி வேலை.