சூரியப் பாய் வேறு, சோலார் பேனல் வேறு

சூரியப் பாய் என்றால் விண்கலத்தை ஒளியால் நகர்த்தும், கப்பல் பாய் மாதிரியான மெல்லிய படலம். பிரிக்ஃபீல்ட்ஸ் தேத்தண்ணிக் கடையில் இந்தப் பேச்சு வந்தால், அதைச் சோலார் பேனல் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்கும். பாய் மின்சாரத்தில் ஓடுவதில்லை. ஒளி பட்டுத் திரும்பும்போது கொடுக்கும் தள்ளுதான் அதன் எஞ்சின்: பூமிக்கருகே சதுர மீட்டருக்குச் சுமார் 9 மைக்ரோநியூட்டன் (நியூட்டன் விசையின் அலகு; மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு).

மின்சாரம் தனிக்கணக்கு. ஜப்பான் 2010-இல் அனுப்பிய இக்காரோஸ் விண்கலத்தின் பாய் 14-க்கு 14 மீட்டர், தடிமன் 7.5 மைக்ரான். மெல்லிய சோலார் செல்களை அதிலேயே ஒட்டியிருந்தார்கள். செல் ஒளியை விழுங்கும், அந்த இடத்தில் தள்ளு ஏறக்குறைய பாதியாகிவிடும். அளவோடு ஒட்டணும்.

லைட்செயில் 2 என்ற சிறு விண்கலத்துக்கு 32 சதுர மீட்டர் பாய், கலத்தின் மொத்த எடை 5 கிலோ. நாள் முழுக்க வெயிலுக்கு நேராக நின்றாலும் கூடும் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர்தான், ஃபெடரல் ஹைவே ஜாம் மாதிரி. ஆனால் எண்ணெய் தீராது! 720 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் இழுவை மெல்ல ஜெயித்து, 2022 நவம்பரில் எரிந்துபோனது.

மடிப்பில்தான் பெரிய தலைவலி. உள்ளே காற்று சிக்கினால், ராக்கெட் ஏற ஏற அது உப்பிப் படலத்தைக் கிழிக்கும். வெளியேற வழி விட்டே மடிக்கணும். கிழிசல் ஓடாமலிருக்கக் குறுக்கே பட்டை. பாயை விரித்துப் பிடிக்கும் தண்டும் சொதப்பும்: 2024-இல் நாசாவின் 80 சதுர மீட்டர் பாய் விரிந்தபோது ஒரு தண்டு வளைந்துவிட்டது.