கடைசி மையம் வரை குளிர் குறையாமல்
நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தில் எத்தனை டோஸ் வந்தது என்றே எல்லோரும் கேட்கிறோம். அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸிலேயே கடைசி மையம் வரை சென்றதா என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. வெப்பத்துக்கு மட்டுமே அஞ்சுகிறோம். ஆனால் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்ற, அலுமினிய உப்பு கலந்த தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தாலே வீரியம் இழந்துவிடும், குப்பியின் மேலுள்ள, வெப்பம் பட்டால் நிறம் மாறும் வெப்பங்காட்டி அந்தச் சேதத்தைக் காட்டாது என்பதால், உறைந்த பனிக்கட்டிப் பொதிகளை உடனே பெட்டியில் அடுக்காமல், உள்ளே நீர் அசையும் வரை வெளியே வைத்துக் காத்திருக்கும் ஊழியரின் பொறுமையைப் பெரிதும் மதிக்கிறேன். தட்டம்மைத் தடுப்பூசியில் சிக்கல் வேறு. தூளாக வரும் அதைக் கரைத்தபின் அந்தக் குப்பியை 6 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ஆனாலும் ஒரேயொரு குழந்தை வந்தால்கூட 10 டோஸ் குப்பியைத் திறக்கத்தான் வேண்டும். மீதி டோஸ்கள் வீணாகும் அந்த இழப்புக்காக ஊழியரைக் கண்டிப்பதைவிட, அதையும் சேர்த்தே அடுத்த ஒதுக்கீட்டைக் கணக்கிடுவதுதான் நியாயம்.