பையனோட பஸ் பாஸும் ஒரு ஸ்டேஜ் பேரும்

ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் என் பையனோட இலவச பஸ் பாஸுக்காக அலைஞ்சதை எழுதுறேன், பிள்ளைங்கள வெளியூர் ஸ்கூல்ல சேர்க்கிறவங்க யாருக்காச்சும் பிரயோஜனப்படும்.

நாங்க டெல்டா பக்கம் ஒரு கிராமம். பத்தாவது வரைக்கும் உள்ளூர் ஸ்கூல்தான், நடந்தே போயிடுவான். பதினொண்ணாவதுக்கு டவுன்ல அரசு உதவி பெறுற ஸ்கூல்ல அவன் ஆசைப்பட்ட பயாலஜி குரூப் கிடைச்சுது, வீட்டுல இருந்து 14 கிலோமீட்டர். முதல் நாள் நானும் கூட போனேன். வெள்ளை போர்டு டவுன் பஸ், எனக்கு 2021 மே மாசத்துல இருந்தே டிக்கெட் காசு கிடையாது, கண்டக்டர் அந்த கட்டணமில்லா டிக்கெட்டை என் கையில குடுத்துட்டு பையனுக்கு 12 ரூபா கேட்டார். அவர் மேல தப்பில்ல, யூனிஃபார்ம் இன்னும் டெய்லர் கடையில இருந்துச்சு, பையன் கலர் டிரஸ்ல நிக்கிறான். ஆனா போக வர 24 ரூபா, மாசத்துக்கு ஐந்நூறுக்கு மேல, கூலி வேலைக்குப் போற வீட்டுக்கு அது சும்மா இல்ல.

யூனிஃபார்ம் வந்ததும் பிரச்சனை தீந்துச்சுன்னுதான் நினைச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை சட்டை துவைக்கும்போது பாக்கெட்டுக்குள்ள நனைஞ்சு ஒட்டிப்போன டிக்கெட் அஞ்சாறு, எடுக்க எடுக்க பிஞ்சு பிஞ்சு வருது. கேட்டா, பாஸ் இல்லாம ஏத்த மாட்டேன்னு சொன்னாங்கம்மா, எல்லாரும் பாத்தாங்க, அதான் காசு குடுத்துட்டேன்னான். சாப்பிட ஏதாச்சும் வாங்கிக்கோன்னு நான் குடுத்த காசு அது. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

வருஷா வருஷம் ஸ்கூல் திறக்கும்போது அரசாங்கமே சொல்றாங்க, புது பாஸ் வர்ற வரைக்கும் யூனிஃபார்ம் போட்டிருந்தாலோ பழைய பாஸ் வச்சிருந்தாலோ ஏத்திக்கணும்னு. பேப்பர்ல வந்த அந்த செய்தியை வெட்டி எடுத்துக்கிட்டு மறுநாள் காலையில நானே அந்த பஸ்ல ஏறினேன். சண்டை போடல, அண்ணே இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்கன்னு குடுத்தேன். படிச்சுட்டு, சரிம்மா, ஸ்கூல் ஐடி கார்டையும் கழுத்துல போட்டுட்டு வரச் சொல்லுங்கன்னார். அதுக்கப்புறம் யாரும் காசு கேக்கல. பிள்ளைங்க கூச்சப்பட்டு வாயே திறக்காது, நாமதான் ஒரு தடவை போய்ப் பேசணும்.

இனிமேதான் பெரிய விஷயம். பாஸுக்கு ஸ்கூல் மூலமாத்தான் எழுதிக் குடுக்கணும், போட்டோ, எமிஸ் நம்பர் (ஸ்கூல் பதிவுல ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்குற அடையாள நம்பர்), ஏறுற இடம், இறங்குற இடம். ஏறுற இடத்துல இவன் ஆதார்ல இருக்குற மாதிரி ஊர் பேரை எழுதிட்டான். எங்க ஊருக்கு ரெண்டு ரோடு. ஊர் பேர்ல ஸ்டேஜ், அதாவது டிக்கெட் காசு கணக்குப் போடுற இடம், இருக்குறது மேல ரோட்டுல, நாங்க பஸ் ஏறுறது கீழ ரோட்டுல வாய்க்கால் பாலத்துகிட்ட. அந்தப் பாலம் வெறும் ஸ்டாப்பிங்தான், ஸ்டேஜ் இல்ல, அங்க ஏறினா டிக்கெட்டே அதுக்கு முந்தின ஊர்ல இருந்துதான் போடுவாங்க. ஆகஸ்ட்ல கார்டு வந்துச்சு, போட்டோ பளிச்சுன்னு இருக்கு, ஆனா ஸ்டேஜ் எங்க பஸ்ஸே போகாத ரோட்டுல. இந்த ரூட்ல இப்படி ஒரு ஸ்டேஜே இல்லையே தம்பின்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

ஸ்கூல் ஆபீஸ்ல கேட்டா டெப்போவுல போய் கேளுங்கன்னாங்க, டெப்போவுல ஸ்கூல்ல இருந்து லெட்டர் வேணும்னாங்க, இப்படியே ரெண்டு நாள் கூலி போச்சு. கடைசியில ஹெச்எம் கையெழுத்தும் சீலும் போட்ட லெட்டர், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அந்த தப்பான கார்டு, இது மூணையும் சேத்துக் குடுத்ததுக்கு அப்புறம்தான் வாங்கிக்கிட்டாங்க. சரியான ஸ்டேஜ் பேரு என்னன்னு எங்க பஸ் கண்டக்டர்கிட்டயே ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்கியிருந்தேன், அதைப் பாத்துட்டு உடனே திருத்தி எழுதிக்கிட்டாங்க. படிவம் குடுக்குறப்பவே இதைச் செஞ்சிருந்தா ஒரு நாள்கூட அலைஞ்சிருக்க வேண்டாம். நீங்க தயவுசெஞ்சு முதல்லயே கேட்டு எழுதிக் குடுங்க, ஊர் பேரு வேற, ஸ்டேஜ் பேரு வேற.

இன்னொண்ணு, தனியார் மினி பஸ்ல இந்த பாஸ் செல்லாது, அவசரத்துல பிள்ளைங்க ஏறிட்டா காசு குடுத்துத்தான் ஆகணும், அதனால கையில கொஞ்சம் சில்லறை குடுத்து அனுப்புங்க.

எங்க பாலத்துல ஏறுற இன்னும் ரெண்டு பசங்களுக்கும் இதே தப்பான ஸ்டேஜ்தான் வந்திருந்துச்சு. அவங்க வீட்டுல யாரும் அலைய முடியாத நிலைமை, ஒரு பையனுக்கு பாட்டி மட்டும்தான். ஹெச்எம்கிட்ட சொல்லி அதே லெட்டர்ல அவங்க பேரையும் சேத்துக்கிட்டேன். ஆகஸ்ட் கடைசி வாரம் மூணு கார்டும் ஒண்ணா வந்துச்சு, அந்தப் பாட்டிகிட்ட கார்டை நானே கொண்டுபோய் குடுத்தேன், வாங்கி முந்தானையில தொடைச்சுட்டு சாமி படத்துக்கிட்ட வச்சாங்க.