பிரிவின் பெயரிலிருந்து தொடங்குங்கள்: இசை விருதுகள் குறித்து ஆய்வேடு எழுதிய அனுபவம்

சேலத்தில் இதழியல் முதுகலை படித்தபோது, அமெரிக்காவின் பெரிய இசை விருதுகளில் நிறமும் தோற்றமும் விற்பனையும் எவ்வாறு குறுக்கிடுகின்றன என்பதை இறுதிப் பருவ ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். 2024 மே மாதம் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. இவ்வாண்டு இதே பொருளையோ இதையொட்டிய ஒன்றையோ எடுத்திருக்கும் இளையவர்கள் சிலர், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். இதில் பாதி நான் செய்த தவறுகள்தாம். அவற்றைத் தெரிந்துகொண்டால் இரண்டு மாத உழைப்பு மிச்சமாகும்.

பொருளைச் சொன்னவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியை என் அப்பாவே கேட்டுவிட்டார். எங்கள் வீடு ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கம். கொஞ்சம் காபியும் மிளகும் உண்டு. களத்தில் காபி காயவைத்துக்கொண்டே, "ஏங்கண்ணு, நம்மூர்ல பாட்டுக்காரங்களே இல்லையா? அமெரிக்காக்காரன் யாருக்குப் பரிசு குடுத்தா உனக்கென்ன?" என்றார். வைவாவில் புறத்தேர்வாளரும் ஏறத்தாழ இதையே நாகரிகமாகக் கேட்டார். இதற்குப் பதிலை முன்னுரையிலேயே எழுதிவிடுவது நல்லது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, முதன்முதலாகக் கிடைத்தது 1968இல்தான். அதுவரை பாடத் தெரிந்த பெண்கள் இல்லாமலா இருந்தார்கள் என்று கேட்டால், விருதுக்குழு எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்ற கேள்வி நம் வாசலுக்கும் வந்துவிடுகிறது. முன்னுரையில் அரைப் பக்கத்துக்கு மேல் இதை நீட்ட வேண்டாம் என்று வழிகாட்டி மேடம் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு நாட்டு நிலைமைகளையும் ஒப்பிடப் புகுந்தால் அது வேறு ஆய்வேடாகிவிடும்.

என் முதல் தவறு, முடிவை எழுதி வைத்துக்கொண்டு சான்று தேடியது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில், 2014இல் ராப் ஆல்பத்துக்கான கிராமி, கென்ட்ரிக் லாமரைத் தாண்டி வெள்ளையரான மேக்கல்மோர் இணைக்குப் போனது, 2015இல் கறுப்பினப் பாடகி பியான்சே இருக்க ஆண்டின் சிறந்த ஆல்பமாக வெள்ளையரான பெக்கின் தொகுப்பு தேர்வானது, 2017இல் அதே விருதை வாங்க வந்த வெள்ளைப் பாடகி அடெல் மேடையில் நின்றே பியான்சேயின் தொகுப்பைப் புகழ்ந்தது என்று வரிசையாக எழுதி நிரப்பியிருந்தேன். மேடம் அதைப் புரட்டிவிட்டு, "இது புகார்ப் பட்டியல்மா, ஆய்வு இல்லை" என்று திருப்பித் தந்தார். அப்போது கோபம் வந்தது. ஆனால் கறுப்பினத்தவர் வென்ற எதிர்வரிசையும் எளிதாகக் கிடைக்கும். ஸ்டீவி வொண்டர் 1974, 1975, 1977 என நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று முறை ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதைப் பெற்றிருக்கிறார். மைக்கேல் ஜாக்சன் 1984இல் ஒரே இரவில் எட்டு கிராமி வாங்கினார். பட்டியலுக்குப் பட்டியல் வைத்து வாதாடினால் வைவா பட்டிமன்றமாக முடியும்.

பிறகு நோட்டை மாற்றி, ஒரு பாட்டு விருது மேடைவரை கடந்துபோகும் வாசல்களைப் பிரித்தேன். எந்தப் பிரிவில் சேர்க்கப்படுகிறது, இறுதிப் பட்டியலில் யார் இடம்பெறுகிறார்கள், கடைசியில் வாக்கு யாருக்கு விழுகிறது என்பவை மூன்றும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் எடுக்கும் முடிவுகள். எல்லோரும் மூன்றாவதைத்தான் தொலைக்காட்சியில் பார்க்கிறோம், அதைப் பற்றித்தான் சண்டையும் போடுகிறோம். நிறத்தின் வேலை பெரும்பாலும் முதல் வாசலிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் என் ஆய்வேட்டில் நான் நிறுவ முயன்ற ஒரே செய்தி.

இதை விளக்க முதல் வரைவில் காபிக் கொட்டை உவமை ஒன்றை எழுதியிருந்தேன். ஒரே செடியில் காய்த்த கொட்டையைச் சல்லடையில் சலித்து, பெருவட்டு ஒரு சாக்கிலும் சிறுவட்டு வேறு சாக்கிலும் போடுவார்கள். அதன் பிறகு விலை சாக்கைப் பொறுத்துத்தான். மேடம் அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் "சல்லடை பொய் சொல்லாது" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த மூன்று சொற்களால்தான் என் மூன்றாம் இயலே பிறந்தது. சல்லடைக் கண்ணுக்கு ஓர் அளவு உண்டு; இசைப் பிரிவுக்கு யார் அளவு வைத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு மிக நல்ல சான்று, பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் அமெரிக்க இசைத்தொழில் இதழான பில்போர்டின் தரவரிசைப் பெயர்கள். கறுப்பின மக்கள் கேட்கும் பாட்டுகளுக்கென்று 1942இல் அவ்விதழ் தொடங்கிய பட்டியலுக்கு நியூயார்க் நகரில் கறுப்பினத்தவர் மிகுந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் பெயரை வைத்தார்கள். 1945இல் அது வெளிப்படையாகவே 'ரேஸ்' (இனம்) என்ற சொல்லைத் தாங்கியது. 1949இல் 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆனது. 1969இல் 'சோல்', 1982இல் 'பிளாக்', 1990இல் மறுபடியும் 'ஆர் அண்ட் பி'. 1963 நவம்பர் முதல் 1965 ஜனவரி வரை மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும், இத்தனை பெயர் மாறியும் அந்தப் பட்டியல் பொதுப் பட்டியலில் நிலையாகக் கரைந்துவிடவில்லை. இந்தப் பெயர்களை ஒரே அட்டவணையில் ஆண்டோடு நிறுத்திப் பாருங்கள். தாளத்தின் பெயர் எது, ஆளின் பெயர் எது என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

கிராமியிலும் இது தொடர்கிறது. 1979இல் வந்த 'ஆஃப் தி வால்' ஆல்பத்துக்காக மைக்கேல் ஜாக்சனுக்கு 1980இல் கிடைத்தது ஒரே ஒரு கிராமி, அதுவும் ஆர் அண்ட் பி பிரிவில். 2020 ஜனவரியில் சிறந்த ராப் ஆல்பத்துக்கான விருதை வாங்கிய கறுப்பினக் கலைஞர் டைலர் தி கிரியேட்டர், தம்மைப் போன்றவர்கள் எந்த வகையில் இசையமைத்தாலும் 'ராப்' அல்லது 'அர்பன்' (சொற்பொருள் 'நகர்ப்புறம்'; கறுப்பின இசைக்கு இசைத்துறை வைத்த பெயர்) பிரிவில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார்கள் என்று மேடைக்குப் பின்னால் செய்தியாளர்களிடம் குறைபட்டுக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில், கிராமியை வழங்கும் அமெரிக்க ரெக்கார்டிங் அகாடமி 'அர்பன்' என்ற சொல்லை ஒரு பிரிவின் தலைப்பிலிருந்து எடுத்தது. எதிர்த்திசைச் சான்றாக 2019ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பினப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்டு டவுன் ரோடு' பாட்டை, கன்ட்ரி இசைக்கூறுகள் போதவில்லை என்று சொல்லி பில்போர்டு தன் 'கன்ட்ரி' (வெள்ளையருடையதாகவே கருதப்பட்டுவந்த அமெரிக்கக் கிராமிய இசை) பட்டியலிலிருந்து நீக்கியது. அதே பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. மக்கள் கேட்பது ஒரு பக்கம், எந்தப் பெட்டியில் அடைப்பது என்பது இன்னொரு பக்கம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

விற்பனை இயலில்தான் மாணவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். கிராமி என்பது இசைத்துறையினர் தமக்குள் வாக்களித்துத் தரும் விருது, விற்பனையோ தரவரிசையோ அதில் அளவுகோல் இல்லை என்பது அகாடமியின் அறிவிப்பு. பில்போர்டு விருதுகளோ விற்பனை, இணையவழிக் கேட்பு, வானொலி ஒலிபரப்பு ஆகிய கணக்குகளை வெளிப்படையாகவே அடிப்படையாகக் கொண்டவை. இரண்டையும் ஒன்றாக்கி "விருதுகள் விற்பனைக்கே போகின்றன" என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அதற்கும் அடியில், 'விற்பனை' என்ற சொல்லே ஆழமான குழி. புறத்தேர்வாளர் என்னிடம், "விற்றதா, கடைக்கு அனுப்பியதா?" என்று கேட்டார். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் தரும் தங்கத்தட்டுச் சான்று 5 லட்சம் படிகளுக்கு, பிளாட்டினம் 10 லட்சத்துக்கு. நெடுங்காலம் கணக்கிடப்பட்டது கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கை. 2016 முதல் 1,500 முறை இணையத்தில் கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே 1984இன் பத்து லட்சமும் 2024இன் பத்து லட்சமும் ஒன்றல்ல.

தரவரிசைக் கணக்கிலும் இதே கதைதான். 1991 மே வரை, எந்த ஆல்பம் நன்றாகப் போகிறது என்று கடைக்காரர்கள் சொல்லும் தகவலை வைத்தே பில்போர்டு ஆல்பப் பட்டியலைத் தயாரித்தது. கடைக்காரர் சொல்வதில் அவர் நினைப்பும் கலந்திருக்கும். அந்த மாதம் முதல், கல்லாவில் பட்டைக்குறியை வருடிப் பதிவாகும் சவுண்ட்ஸ்கேன் கணக்கு வந்தது. ஜூனிலேயே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு ஏறியது. செப்டம்பரில் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் ஆல்பம் வெளியான வாரமே முதலிடத்தில் நுழைந்தது. கேட்பவர்கள் ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. இந்தப் பத்திதான் வைவாவில் எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது என்று நம்புகிறேன்; புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வேறு கேள்விகளைக் கேட்டார்.

விற்பனை இருந்தும் பட்டியலுக்குள் வரமுடியாத நிலைக்கு 2020 நவம்பர் எடுத்துக்காட்டு. அவ்வாண்டு முழுவதற்குமான பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்ற பாட்டு, கறுப்பினப் பாடகர் தி வீக்கெண்டின் 'பிளைண்டிங் லைட்ஸ்'. கிராமியில் அவருக்கு ஒரு பரிந்துரைகூட வரவில்லை. உறுப்பினர் வாக்குகளில் முன்னிலை பெற்றவற்றிலிருந்து இறுதிப் பட்டியலைத் தேர்ந்தெடுத்த, பெயர் வெளியிடப்படாத குழுக்களைக் கைவிடுவதாக அகாடமி 2021 ஏப்ரல் இறுதியில் அறிவித்தது. இது இரண்டாம் வாசல். இங்கே நிறத்தையும் இரகசியத்தையும் பிரித்துக் காட்டுவது கடினம், காட்டிவிட்டதாக நானும் சொல்லமாட்டேன்.

தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும். 1966இல் சார்லி பிரைடின் முதல் கன்ட்ரி பாட்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது அவருடைய புகைப்படத்தைச் சேர்க்கவில்லை. குரலைக் கேட்டுப் பழகிய பிறகே கறுப்பினத்தவர் என்று பலருக்குத் தெரிந்தது. 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது அவருக்கே போனது. மறுமுனையில், 1990இல் புதுமுக விருது பெற்ற மில்லி வனில்லி இணை தம் ஆல்பத்தில் பாடவே இல்லை என்று தெரிந்து அதே ஆண்டு நவம்பரில் விருது திரும்பப் பெறப்பட்டது. ஒன்றில் குரல் இருக்க முகத்தை மறைத்தார்கள், மற்றதில் முகம் இருக்கக் குரலை மறைத்தார்கள். இதற்கு மேல் நான் எழுதிய பன்னிரண்டு பக்கமும் வெறும் நீட்டல்.

கலைச்சொற்களை முதல் இயலிலேயே வரையறுத்துவிடுங்கள். 'இனம்' என்று எழுதினால் நம் வாசகருக்குத் தமிழினம் நினைவுக்கு வரும். நான் 'நிறவழி இனம்' என்று எழுதினேன். அதிலும் ஒரு கேள்வி வந்தது: 2018இல் கென்ட்ரிக் லாமரை முந்தி ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதைப் பெற்ற புரூனோ மார்ஸுக்குத் தாய்வழி பிலிப்பைன்ஸ், தந்தைவழி புவேர்ட்டோ ரிக்கோ, அவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? நான் போட்டது 'பிற' என்ற கட்டத்தில். பெட்டிகளைக் குறை சொல்லும் ஆய்வேட்டில் நானும் ஒரு பெட்டி செய்திருக்கிறேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அதை அப்படியே ஒப்புக்கொண்டேன், தேர்வாளர் சிரித்தார்.

அட்டவணையில் ஆண்டைக் கவனியுங்கள். 'திரில்லர்' வெளியானது 1982 நவம்பர், கிராமி பெற்றது 1984 பிப்ரவரி. நான் வெளியான ஆண்டையும் விழா ஆண்டையும் கலந்து எழுதி, ஒரே ஆல்பத்தை இருமுறை எண்ணியிருந்தேன். இன்னொன்று, தமிழில் தட்டச்சு செய்பவர்கள் யூனிகோடில் மட்டுமே செய்யுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த என் கோப்பை பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு டிடிபி கடையில் மாற்றியபோது அட்டவணைகள் முழுவதும் கொக்கி கோடுகளாகிவிட்டன. சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, தோழியின் விடுதி அறையில் விடியும்வரை எழுத்துப்பிழை பார்த்தேன். கடைக்காரர் பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டார்.

வைவாவின் கடைசிக் கேள்வி இது: "2024 மார்ச்சில் பியான்சே ஒரு கன்ட்ரி ஆல்பம் வெளியிட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு அதற்கு விருது கிடைத்துவிட்டால் உங்கள் ஆய்வேடு என்ன ஆகும்?" என் வாதம் வாக்கைப் பற்றியது அல்ல, பிரிவைப் பற்றியது என்பதால் ஒன்றும் ஆகாது என்றேன். 2025 பிப்ரவரியில் அந்த 'கவ்பாய் கார்ட்டர்' ஆண்டின் சிறந்த ஆல்பமாகவும் சிறந்த கன்ட்ரி ஆல்பமாகவும் தேர்வானது. ஜூனில் அகாடமி கன்ட்ரி ஆல்பப் பிரிவைச் 'சமகாலம்', 'மரபு' என்று இரண்டாகப் பிரிப்பதாக அறிவித்தது. வாதம் நிலைத்தது, ஒரு வாக்கியம் விழுந்தது. 1999இல் லாரின் ஹில் பெற்ற பிறகு எந்தக் கறுப்பினப் பெண்ணும் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதைப் பெறவில்லை என்று எழுதியிருந்தேன். துறை நூலகத்தில் உள்ள படியில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்ட அனுமதி கேட்டேன். சமர்ப்பித்த ஆய்வேட்டில் கைவைக்கக் கூடாது என்றார்கள். கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்ட அந்தப் படியை எடுக்கிறவர்கள் 63ஆம் பக்கத்தில் இரண்டாம் பத்தியை 2025 பிப்ரவரிக்கு முன் எழுதியதாகக் கொண்டு வாசியுங்கள்.